உருகிய உலோகம் ஊறும் வகை: தாயுலோகக் கூட்டுப்பொருள் ஆக்கமும் அதற்குரிய தமிழ்க் கலைச்சொற்களும்

ஆய்வுச் சுருக்கம்

பீங்கான் இழைகளாலோ துகள்களாலோ ஆன நுண்துளைக் கட்டமைப்பு ஒன்றினுள் உருகிய உலோகத்தைப் புகுத்தி, உறையவிட்டுப் பெறும் பொருளைத் தாயுலோகக் கூட்டுப்பொருள் என இக்கட்டுரை வழங்குகிறது. இப்பொருளின் ஆக்கமுறை, அதன் அடிப்படையாய் அமையும் நனைவு என்னும் இயற்பியல் நிகழ்வு, அழுத்தம் இட்டும் இடாதும் உலோகத்தைப் புகுத்தும் வழிகள், புகுந்தபின் நிகழும் வேதிவினைகள் ஆகியவை இங்கு விளக்கப்படுகின்றன. வார்ப்புத் தொழிலும் ஊர்தித் தொழிலும் செறிந்த சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதி இவ்விளக்கத்திற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது. இத்துறையின் முதன்மைச் சொற்கள் சிலவற்றிற்குத் தமிழில் எச்சொல் பொருந்தும், எச்சொல் பொருந்தாது என்பதும் ஆராயப்படுகிறது. பொருந்தாச் சொல் பொருள் மயக்கத்தோடு நில்லாது, உலைக்களத்தில் உயிர் ஊறும் விளைக்கக்கூடும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கூட்டுப்பொருள், தாயுலோகம், வலுவூட்டி, முன்வடிவம், நனைவு, ஊறல், உட்செலுத்தல், பற்றாசு, கலைச்சொல்லாக்கம்.

1. முன்னுரை

சென்னையின் மேற்கே பாடி தொடங்கி அம்பத்தூர், ஆவடி வழியாகவும், மறுபுறம் பூந்தமல்லி வரையிலும் விரியும் நிலப்பகுதி, கடந்த முக்கால் நூற்றாண்டில் உலோகத்தோடு பழகிய நிலமாக உருப்பெற்றது. 1949இல் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை தோன்றியது. 1960களில் பாடியில் ஊர்தித் தடைக்கருவிகளும் சக்கரங்களும் செய்யும் ஆலைகள் அமைந்தன. அதே பத்தாண்டில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாகி, சிறு பவுண்டரிகளும் கடைசல் பட்டறைகளும் கருவிப் பட்டறைகளும் பெருகின. 1961இல் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. விசயந்தா பீரங்கி ஊர்தி அங்கேயே உருவானது. பின்னர் அர்ச்சுன் பீரங்கி ஊர்தியை வடிவமைத்த போர் ஊர்தி ஆய்வு நிறுவனமும் ஆவடியிலேயே அமைந்தது.

இப்பகுதியின் பட்டறைகளில் நாள்தோறும் பேசப்படும் தமிழ் ஒன்று உண்டு. உருக்குதல், ஊற்றுதல், அச்சு, டை, கோர், ப்ளோஹோல், கசடு என்று அது தன் தேவைக்கேற்பத் தமிழ்ச்சொல்லையும் கடன்சொல்லையும் ஒருங்கே ஆள்கிறது. மறுபுறம், பாடநூல்களும் கலைச்சொல் தொகுப்புகளும் ஆளும் தமிழ் ஒன்று உண்டு. புதிய பொருளொன்று தொழிலுக்குள் வரும்போது இவ்விரு தமிழும் சந்திக்க வேண்டும். 2010ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் இயந்திரவியல், கட்டடவியல் ஆகிய இரு துறைகளைத் தமிழ்வழியில் பயிற்றத் தொடங்கிய பிறகு இத்தேவை கூடியது. தொழிற்பயிற்சி நிலையங்களில் தமிழில் கற்றுப் பட்டறைக்குள் செல்லும் மாணவர்க்கும் இத்தேவை உண்டு. அத்தகைய சந்திப்பிற்கு நல்லதொரு சான்றாகத் தாயுலோகக் கூட்டுப்பொருளை எடுத்துக்கொண்டு, முதலில் பொருளையும் பின்னர்ச் சொல்லையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பொருள் விளங்காமல் சொல் அமையாது என்பதால் இவ்வரிசை கொள்ளப்பட்டது.

2. உலோகக்கலவையும் கூட்டுப்பொருளும்

செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தால் வெண்கலம் கிடைக்கிறது. இரண்டும் உருகி, அணு நிலையில் ஒன்றோடொன்று கலந்து, தனித்தனியே பிரித்தறிய இயலாத புதிய உலோகமாகின்றன. இது உலோகக்கலவை. கூட்டுப்பொருளில் நிகழ்வது வேறு. அலுமினியத்தினுள் சிலிக்கன் கார்பைடு துகள்கள் இருப்பின், அலுமினியம் அலுமினியமாகவே இருக்கிறது. சிலிக்கன் கார்பைடும் தன் இயல்பு மாறாமல் இருக்கிறது. இரண்டிற்கும் இடையே தெளிவான எல்லைப்பரப்பு உண்டு. உருக்காங்கி வழியே பார்த்தால் இருவேறு பொருள்களும் தனித்தனியே புலப்படும். ஆயினும், முழுமையாக நோக்குகையில் அவ்விரண்டில் எதற்கும் தனித்து இல்லாத பண்பு ஒன்று அப்பொருளுக்கு வாய்க்கிறது.

இலக்கணம் கற்றோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. நிலைமொழியும் வருமொழியும் தம் வடிவு மாறாது நிற்பது இயல்பு புணர்ச்சி. தோன்றல், திரிதல், கெடுதல் என மாறுபடுவது விகாரப் புணர்ச்சி. கூட்டுப்பொருளின் இலட்சியம் இயல்பு புணர்ச்சி. ஆனால், எல்லைப்பரப்பில் வேண்டாத புதுப்பொருள் தோன்றுவதும் வலுவூட்டி கெடுவதும் நடைமுறையில் நிகழ்வதுண்டு. அவற்றைத் தடுப்பதே இத்தொழிலின் பெரும்பகுதி என்பது பின்னர் விளக்கப்படும்.

கூட்டுப்பொருளில் தொடர்ச்சியாய்ப் பரவி நின்று ஏனையவற்றைத் தாங்கும் உலோகம் தாயுலோகம். அதனுள் அமர்ந்து விறைப்பையும் தேய்மானத் தடையையும் தருவது வலுவூட்டி. தாயுலோகமாகப் பெரும்பாலும் அலுமினியமும், அரிதாக மக்னீசியமும் செம்பும் அமைகின்றன. வலுவூட்டியாகச் சிலிக்கன் கார்பைடு, அலுமினா, கரிம இழை ஆகியவை பயன்படுகின்றன. இவற்றுள் சிலிக்கன் கார்பைடும் அலுமினாவும் அம்பத்தூர்ப் பட்டறைத் தொழிலாளர்க்கு நெடுநாள் பழக்கமானவை. அவர்கள் கருவிகளைத் தீட்டும் சாணைச் சக்கரத்தில் உள்ள மணிகள் இவையே. எஃகைத் தேய்க்கும் அம்மணிகளை அலுமினியத்தின் உள்ளே வைத்தால், மென்மையான அலுமினியம் தேயாத பொருளாகிறது. அதே காரணத்தால், அதனைக் கடைசல் பிடிக்கும் கருவியின் முனை விரைவில் மழுங்கும் என்பதும் பெறப்படுகிறது.

3. கிளறுதலும் புகுத்துதலும்

வலுவூட்டியை உலோகத்தினுள் சேர்க்க எளிய வழி கிளறுவார்ப்பு. உருகிய அலுமினியத்தைத் துடுப்புச் சுழலால் கிளறி, நடுவே உண்டாகும் சுழியில் சூடாக்கிய துகள்களைத் தூவி, பின் அச்சில் ஊற்றுவது இம்முறை. செலவு குறைவு, சிறு உலையும் மின்னோடியும் போதும். தமிழகப் பொறியியல் கல்லூரிகளில் இத்துறையில் ஈடுபடும் மாணவர் முதலில் பழகுவது இதுவே.

ஆயினும், இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. துகளின் அளவு கூடக்கூட உருகிய உலோகம் கூழ்போல் தடித்து, ஊற்ற இயலாததாகிறது. ஆகவே, வலுவூட்டியின் பங்கு பொதுவாகப் பருமனளவில் 20 முதல் 30 விழுக்காட்டிற்குள் நின்றுவிடுகிறது. துகள்கள் சில இடங்களில் திரண்டும் சில இடங்களில் இன்றியும் போவதுண்டு. சுழியின் வழியே காற்றும் உள்ளே இழுக்கப்பட்டு, பவுண்டரியில் ப்ளோஹோல் எனப்படும் துளைகள் உண்டாகின்றன. நீண்ட இழைகளை இம்முறையில் சேர்க்கவே இயலாது.

புகுத்தும் முறை இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறது. உலோகத்தினுள் துகளை இடுவதற்கு மாறாக, துகள்களையோ இழைகளையோ முதலில் விரும்பிய வடிவில் அடுக்கி, இடையிலுள்ள வெற்றிடங்களில் உலோகத்தைப் புகச்செய்வது இம்முறை. வலுவூட்டி முன்னரே தன் இடத்தில் அமர்ந்துவிடுவதால் அது நகர்வதில்லை, திரள்வதில்லை. 60 முதல் 70 விழுக்காடு வரை வலுவூட்டி கொண்ட பொருளையும் இவ்வழியில் ஆக்கலாம். ஒரு வார்ப்பின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் வலுப்படுத்தவும் முடியும்.

4. முன்வடிவம்

உலோகம் புகுமுன் அமைக்கப்படும் நுண்துளைக் கட்டமைப்பு முன்வடிவம் எனப்படும். அலுமினாக் குறு இழைகளாயின், அவற்றை நீரில் கலக்கி, நுண்சிலிக்காக் கரைசலைப் பிணைப்பியாகச் சேர்த்து, வடிதட்டின் மேல் இட்டு, அடியிலிருந்து நீரை உறிஞ்சி எடுப்பர். எஞ்சும் இழைப்படலத்தை உலர்த்தி, சூளையில் சுட்டால் கையில் எடுக்கத்தக்க உறுதி கிடைக்கும். துகள்களாயின், பருமணியும் நுண்மணியும் தகுந்த அளவில் கலந்து அழுத்திச் சுடுவர். பருமணிகளின் இடைவெளியில் நுண்மணிகள் அமர்வதால் வலுவூட்டியின் பங்கு உயர்கிறது.

முன்வடிவத்தில் இரண்டு பண்புகள் இன்றியமையாதவை. முதலாவது, துளைகள் ஒன்றோடொன்று தொடர்புற்றிருத்தல். அடைபட்ட துளையில் உலோகம் நுழையாது. இரண்டாவது, முற்றும் உலர்ந்திருத்தல். உருகிய அலுமினியத்தின் வெப்பநிலை 660 பாகை செல்சியசுக்கு மேற்பட்டது. முன்வடிவத்தில் சிறிதளவு நீர் எஞ்சியிருப்பினும், அது நொடியில் ஆவியாகி விரிந்து, உலோகத்தை வெளியே எறியும். நீராவி அலுமினியத்தோடு வினைபுரிந்து ஐதரசனையும் விடுவிக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றின் ஈரப்பதம் மிகும் சென்னையில், முன்வடிவத்தைச் சூடாக்கி வைத்திருந்து உடனே பயன்படுத்துவது பாதுகாப்பின் முதல் விதி. இவ்விரண்டாம் பண்பு, கலைச்சொல் பற்றிய பகுதியில் மீண்டும் எடுத்துக்கொள்ளப்படும்.

5. நனைவு: உலோகம் ஏன் தானே புகுவதில்லை?

அகல்விளக்கின் திரியில் எண்ணெய் தானே ஏறுகிறது. எவரும் அதனை அழுத்துவதில்லை. எண்ணெய் பருத்தி இழையை நனைப்பதால், இழைகளின் இடைவெளிகள் எண்ணெயை உள்ளிழுக்கின்றன. தாமரை இலைமேல் நீர் பரவாது உருண்டு நிற்பது இதற்கு நேர்மாறு. அங்கே நீர் இலையை நனைப்பதில்லை. இவ்வேறுபாட்டை அளப்பது சேர்கோணம். திரவத்துளி திண்மப் பரப்பைத் தொடும் இடத்தில், திரவத்தின் உள்ளாக அமையும் கோணம் அது. அது 90 பாகைக்குக் குறைவாயின் திரவம் நுண்துளையில் தானே நுழையும். மிகுமாயின் புறத்தே நிற்கும்.

உருகிய அலுமினியத்தின் நிலை தாமரை இலைமேல் நீரின் நிலையே. காற்றுப் பட்டதும் அதன்மேல் மெல்லிய ஆக்சைடு தோல் படர்கிறது. அத்தோல் உலோகத்தையும் வலுவூட்டியையும் நேரே தொடவிடாமல் தடுக்கிறது. வழக்கமான வார்ப்பு வெப்பநிலையில் சிலிக்கன் கார்பைடுமேல் அதன் சேர்கோணம் 90 பாகையை நன்கு தாண்டி நிற்கிறது. சுமார் 900 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினாலன்றி நிலைமை மாறுவதில்லை.

நனையாத திரவத்தை நுண்துளையில் செலுத்தத் தேவைப்படும் அழுத்தத்தை எளிய கணக்கால் அறியலாம். பரப்பு இழுவிசையின் இருமடங்கைச் சேர்கோணத்தின் கொசைனால் பெருக்கி, துளையின் ஆரத்தால் வகுத்தால் அது கிடைக்கும். அலுமினியத்தின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 0.86 நியூட்டன். சேர்கோணத்தை 130 பாகை எனக் கொள்வோம். துளையின் ஆரம் 10 மைக்ரோமீட்டர் ஆயின் தேவைப்படும் அழுத்தம் ஏறத்தாழ 0.11 மெகாபாஸ்கல், அதாவது, ஒரு வளிமண்டல அழுத்தத்தைவிடச் சற்று மிகுதி. ஆரம் 1 மைக்ரோமீட்டர் ஆயின் 1.1 மெகாபாஸ்கல், ஏறத்தாழ 11 வளிமண்டலம். முதல் அளவு சிறிதாகத் தோன்றலாம். ஆனால், அதனை உலோகத்தின் சொந்த எடையால் பெறவேண்டுமாயின் சுமார் 4.7 மீட்டர் உயர அலுமினியத் தூண் தேவைப்படும். சாதாரணமாக ஊற்றும் வார்ப்பில் முன்வடிவம் நிரம்பாததன் காரணம் இதுவே.

இக்கணக்கு உலோகம் நுழையத் தொடங்குவதற்கான அளவையே தருகிறது. துகளும் துகளும் தொடும் இடத்திலுள்ள மிகக்குறுகிய மூலைகள் நிரம்ப, இதனினும் பன்மடங்கு அழுத்தம் வேண்டும். மேலும், உள்ளே செல்லும் உலோகத்தைப் பாகியல் இழுவை தடுக்கிறது. மாறா அழுத்தத்தில் உலோகம் செல்லும் தூரத்தின் இருமடிக்கு ஏற்ப நேரம் கூடுகிறது. தடிமன் இரட்டித்தால் நேரம் நான்மடங்காகும். அதற்குள் முன்வடிவத்தின் வெப்பநிலை குறைவாயின் உலோகம் பாதிவழியில் உறைந்து துளைகளை அடைத்துவிடும். எனவேதான் முன்வடிவம் முன்னதாகவே சூடாக்கப்படுகிறது.

6. புகுத்தும் வழிகள்

6.1 அழுத்த வார்ப்பு. சூடாக்கிய முன்வடிவத்தை எஃகு அச்சில் வைத்து, உருகிய உலோகத்தை ஊற்றி, நீரழுத்தப் பொறியின் தண்டால் மெல்ல அழுத்துவது இம்முறை. அழுத்தம் பொதுவாக 50 முதல் 100 மெகாபாஸ்கல். உலோகம் உறையும் வரை அழுத்தம் நீடிக்கிறது. ஆகவே, உறைகையில் உண்டாகும் சுருக்கத் துளைகளும் மூடப்படுகின்றன. பாடி, அம்பத்தூர்ப் பகுதிகளில் பரவலான உயரழுத்த டை வார்ப்பினின்று இது வேறுபட்டது. டை வார்ப்பில் உலோகம் பெருவேகத்துடன் பீறிட்டுச் செல்வதால் காற்று அகப்படுகிறது. மென்மையான முன்வடிவம் நொறுங்குகிறது. அழுத்த வார்ப்பில் வேகம் குறைவு, அழுத்தமே மிகுதி.

இம்முறையின் முதற்பெரும் வெற்றி 1983இல் தொயோட்டா நிறுவனம் டீசல் எஞ்சின் பிசுட்டனில் கண்டது. பிசுட்டன் வளையம் அமரும் பள்ளப் பகுதி விரைவில் தேய்வதால், அதுவரை அங்கே வார்ப்பிரும்பு வளையமொன்றைப் பதித்து வந்தனர். அதற்கு மாறாக, அவ்விடத்தில் மட்டும் பீங்கான் குறு இழை முன்வடிவத்தை வைத்து அலுமினியத்தை அழுத்தினர். எடை குறைந்தது, பிசுட்டனும் ஒரே வார்ப்பாக அமைந்தது. பின்னர் ஓண்டா நிறுவனம் அலுமினா இழையும் கரிம இழையும் கொண்ட முன்வடிவத்தால் எஞ்சின் உருளையின் உட்சுவரை வலுப்படுத்தியது.

6.2 வளியழுத்த முறை. முன்வடிவமும் உலோகமும் உள்ள கலத்திலிருந்து காற்றை முதலில் வெளியேற்றி, பின் ஆர்கான் போன்ற மந்த வளியால் உலோகத்தை அழுத்துவது இம்முறை. துளைகளில் எதிர்த்து நிற்கும் காற்று இல்லாமையால் 10 மெகாபாஸ்கலுக்குட்பட்ட அழுத்தமே பெரும்பாலும் போதுமானது. அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாக அமைவதால் நுட்பமான வடிவங்களும் சிதைவதில்லை. கலத்தைத் திறந்து மூடும் நேரமும் செலவும் இதன் குறைகள்.

6.3 அழுத்தமிலா முறை. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் இலாங்சைடு நிறுவனம் வெளிக்கொணர்ந்த வழி இது. அலுமினியத்தோடு மக்னீசியத்தைச் சேர்த்து, நைதரசன் சூழலில், முன்வடிவத்தின்மேல் வைத்துச் சூடாக்கினால், உலோகம் மெல்ல மெல்லத் தானே உள்ளிறங்குகிறது. மக்னீசியம் ஆவியாகி நைதரசனோடு சேர்ந்து உண்டாக்கும் சேர்மம் வலுவூட்டியின் பரப்பில் படிகிறது. அப்பரப்பை அலுமினியம் நனைக்கிறது. ஆக்சைடு தோலும் மக்னீசியத்தால் உடைபடுகிறது. அழுத்தப் பொறி தேவையில்லை. ஆனால், வெப்பநிலை மிகுதி. நொடிகளில் முடியும் செயல் இங்கே மணிக்கணக்கில் நீள்கிறது.

இந்தியாவில் இத்துறையின் தொடர்ச்சியான ஆய்வுகள் திருவனந்தபுரத்திலுள்ள அறிவியல் தொழிலக ஆய்வு மன்றத்தின் ஆய்வகத்தில் நிகழ்ந்துள்ளன. அதன் தொடக்கக்கால இயக்குநர் பிரதீப் உரோகத்கி, அலுமினியம்-கிராபைட்டு கூட்டுப்பொருள்களின் முன்னோடிகளுள் ஒருவர். இன்று தேசியத் துறையிடை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் எனப்படும் அந்நிறுவனத்தில் கிளறுவார்ப்பும் அழுத்தப் புகுத்தலும் ஆகிய இரண்டும் ஆராயப்பட்டுள்ளன.

7. எல்லைப்பரப்பின் வேதியியல்

நனைவை மிகுவிக்க வெப்பநிலையை உயர்த்தினால் வேறொரு கேடு நேர்கிறது. அலுமினியம் சிலிக்கன் கார்பைடைத் தாக்கி, அதன் கரிமத்தைப் பறித்து, அலுமினியம் கார்பைடாக மாறுகிறது; சிலிக்கன் விடுபடுகிறது. இப்புதிய சேர்மம் நொறுங்கும் இயல்பினது. ஈரக்காற்றுப் பட்டால் மீத்தேனை வெளியிட்டுச் சிதைகிறது. கடற்காற்றும் மழையும் உள்ள ஊரில் அத்தகைய பொருள் நாளடைவில் உள்ளிருந்தே அழியும்.

இதனைத் தடுக்கும் வழி எளிது. தாயுலோகத்தில் முன்னரே போதுமான சிலிக்கன் இருப்பின் வினை நிகழ்வதில்லை. சுமார் 10 விழுக்காட்டளவு சிலிக்கன் கொண்ட அலுமினிய வார்ப்புக் கலவைகள் பிசுட்டன் வார்ப்பில் நெடுங்காலமாகப் பயன்படுபவை. எனவே, புதிதாக உலோகம் தேட வேண்டியதில்லை. அலுமினா வலுவூட்டியாயின், மக்னீசியம் அதனோடு வினைபுரிந்து சிபினெல் எனும் படலத்தை உண்டாக்குகிறது. அது மெல்லியதாக இருப்பின் பிணைப்புக்கு நன்று. தடித்தால் இழை கெடுவதோடு மக்னீசியமும் வீணாகிறது. ஆக, சற்றும் வினையின்றேல் பிணைப்பில்லை; வினை மிகின் வலுவூட்டியில்லை. வெப்பநிலை, நேரம், கலவை ஆகிய மூன்றையும் இவ்விரண்டிற்கும் இடையே நிறுத்துவதே தொழில்திறன்.

8. புறநகரின் தேவை

இப்பொருள் மேற்குப் புறநகர்க்கு ஏன் வேண்டும் என்பதற்கு இரு சான்றுகள் போதும். அர்ச்சுன் பீரங்கி ஊர்தியின் முதல் வடிவம் சுமார் 58.5 டன்; அடுத்த வடிவம் 68 டன். கவசத்தின் எடையைக் குறைப்பது அரிது. எனவே, எஞ்சின், ஓட்டமைப்பு ஆகியவற்றின் உறுப்புகளில் குறைக்கும் ஒவ்வொரு கிலோவும் மதிப்புடையது. தேய்மானத்தால் எஃகே வேண்டும் என்றிருக்கும் உறுப்புகளில், தேயும் இடத்தை மட்டும் வலுவூட்டிய அலுமினியம் இடம்பெற வாய்ப்புண்டு.

இரண்டாவது, மின்தொடர்வண்டி. அருகிலுள்ள பெரம்பூரில் 1955 முதல் தொடர்வண்டிப் பெட்டிகள் செய்யப்படுகின்றன. ஆவடியில் மின்தொடர் பணிமனை உள்ளது. இன்றைய மின்தொடர்வண்டிகளின் மின்மாற்றிச் சுற்றுகளில் உள்ள ஆற்றல் குறைகடத்திகள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் சூடேறித் தணிகின்றன. அவற்றின் அடித்தட்டு செம்பாயின், ஒரு பாகைக்கு நீளத்தில் 10 இலட்சத்தில் 17 பங்கு விரிகிறது. மேலே அமர்ந்த சிலிக்கனோ சுமார் 3 பங்கே விரிகிறது. ஆயிரமாயிரம் முறை இவ்வாறு இழுபட்டு, இடையிலுள்ள பற்றவைப்பு விரிசலுறுகிறது. 60 விழுக்காட்டுக்கு மேல் சிலிக்கன் கார்பைடு கொண்ட அலுமினியத் தட்டு 7 அல்லது 8 பங்கே விரிகிறது. வெப்பத்தையும் நன்கு கடத்துகிறது. எடையோ செம்பில் மூன்றிலொரு பங்கு. இத்தகைய உயர் விழுக்காட்டைக் கிளறுவார்ப்பால் எட்ட இயலாது; புகுத்தும் முறையே வழி.

9. கலைச்சொற்கள்

9.1 தாயுலோகம். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'மேட்ரிக்சு' என்னும் சொல்லுக்கு அகராதி வழியே செல்வோர் முதலில் எட்டுவது 'அணி'. அது கணிதத்தில் எண்களை நிரல்பட நிறுத்தும் அமைப்பிற்குரியது. பள்ளிப் பாடநூல்களில் நிலைபெற்றது. உலோகத்திற்கு அச்சொல் பொருந்தாது. இங்கே நிரலும் இல்லை, நிறையும் இல்லை. அணி என்றவுடன் அழகு எனப் பொருள்கொள்ளும் தமிழ் மரபில் மயக்கம் மேலும் கூடும். மூலச்சொல் இலத்தீனில் தாயைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்து கருப்பையைச் சுட்டியது. தமிழிலோ தாய்ச்சுவர், தாய்ப்பத்திரம், தாய்வாய்க்கால் என, பிறவற்றைத் தாங்குவதையும் பிறவற்றிற்கு மூலமாவதையும் தாய் என அடைகொடுத்து வழங்கும் மரபு உயிரோடு உள்ளது. எனவே, தாயுலோகம் என்பது மூலத்திற்கும் மரபிற்கும் ஒக்கும். பற்றவைப்புத் தொழிலில் இணைக்கப்படும் உலோகத்தையும் தாயுலோகம் எனலாமே என்ற தடை எழக்கூடும். அங்கே அடியுலோகம் என்று வழங்கின் இம்மயக்கம் நீங்கும்.

9.2 ஊறலும் உட்செலுத்தலும். 'ஊடுருவல்' என்ற சொல் இதற்கு எளிதில் கைவருகிறது. ஆயின், இச்செயல் இருவகைப்பட்டது என்பதை மேலே கண்டோம். அழுத்தமிலா முறையில் உலோகம் தானே செல்கிறது, ஏனையவற்றில் செலுத்தப்படுகிறது. இவ்விரண்டையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் குறித்து, அடைமொழியால் வேறுபடுத்துகிறது. தமிழில் தன்வினை, பிறவினை வேறுபாடே இதற்குப் போதும். தானே செல்வதை ஊறல் என்றும், அழுத்திப் புகுத்துவதை உட்செலுத்தல் என்றும், இரண்டிற்கும் பொதுவாகப் புகுத்தல் என்றும் வழங்கலாம். ஊறுதல் என்பது நீர் மண்ணிலும் உப்பு காயிலும் மெல்லப் பரவுவதைச் சுட்டும் அன்றாடச் சொல். மணிக்கணக்கில் நிகழும் செயலின் மெதுவையும் அது உணர்த்துகிறது.

9.3 நனைவு. இக்கட்டுரை மிகுந்த கவனம் வேண்டும் சொல் இது. இந்நிகழ்வை 'ஈரமாதல்', 'ஈரப்படுத்துதல்' என மொழிபெயர்ப்பின், முன்வடிவம் நன்கு ஈரப்படல் வேண்டும் என்றொரு தொடர் பாடநூலில் இடம்பெறக்கூடும். நான்காம் பகுதியில் கூறியவாறு, ஈரம்பட்ட முன்வடிவத்தின்மேல் உருகிய அலுமினியத்தை ஊற்றுவது வெடிப்பிற்கு வழி. சொல்லாக்கியோர் கருதியது உலோகத்தின் பரவலை. படிக்கும் பயிற்சியாளர் கொள்வது நீரை. ஈரம் என்பது தமிழில் நீர்ப்பசையையே முதற்பொருளாகக் கொண்டது. 'உலோகத்தால் நனைதல்' எனச் செய்பொருளையும் உடன் சேர்த்து வழங்குவது இத்தீங்கைத் தவிர்க்கும். உலைக்களக் குறிப்பேடுகளில் 'உலோகப் பற்று' என்று வழங்குவது அதனினும் பாதுகாப்பானது.

'பற்று' என்பதற்குத் தமிழ்க் கைவினை மரபிலேயே அடிப்படை உண்டு. பொற்கொல்லர் இரு பொன்துண்டுகளை இணைக்க, இடையே எளிதில் உருகும் பற்றாசை வைத்து, வெங்காரப் பொடியிட்டு, ஊதுகுழலால் சுடரைச் செலுத்துவர். வெங்காரம் ஆக்சைடு தோலைக் கரைக்கிறது. பற்றாசு உருகிப் பொன்னை நனைத்து, இடைவெளியில் தானே ஓடி நிறைகிறது. இடைவெளி சிறிதாயின் நன்கு ஓடும், அகன்றால் நிற்கும். ஐந்தாம் பகுதியில் கண்ட இயற்பியல் முழுதும் இதில் அடங்கியுள்ளது. 'பொடிவைத்து ஊதுதல்' எனும் மரபுத்தொடருக்கும் இத்தொழிலையே பிறப்பிடமாகக் கூறுவர்.

யாப்பிலக்கணமும் இச்சொல்லைக் கடன்கொண்டது. இருகுறள் நேரிசை வெண்பாவில் முதற்குறளின் ஈற்றிற்கும் தனிச்சொல்லுக்கும் இடையே ஓசை விட்டிசைக்குமாயின், ஓரிரு அசைகளைக் கூட்டி நிரப்புவர். அவ்வசைகளுக்கு ஆசு என்று பெயர். உலோகத்தைப் பற்றாசிட்டு இணைப்பதோடு உரையாசிரியர் அதனை ஒப்பிடுவர். இடைவெளியை நிறைத்து இரண்டையும் ஒன்றாக்குவது என்ற கருத்து, தொழிலிலிருந்து இலக்கணத்திற்குச் சென்ற வழி இது. இதனால், பண்டைத் தமிழர் கூட்டுப்பொருளை அறிந்திருந்தனர் என்பது பெறப்படாது; அவ்வாறு கூறுவது சான்றற்றது. புதிய பொருளைச் சொல்லத் தேவையான சொல்லும் கருத்தும் மொழியின் கிடங்கில் உள்ளன என்பது மட்டுமே பெறப்படும்.

10. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

வலுவூட்டியை முன்னரே அடுக்கி அதனுள் உலோகத்தைப் புகுத்துவதால், கிளறுவார்ப்பால் எட்ட இயலாத வலுவூட்டி அளவும், வேண்டிய இடத்தை மட்டும் வலுப்படுத்தும் வசதியும் கிடைக்கின்றன.

உருகிய அலுமினியம் வலுவூட்டியை எளிதில் நனைக்காமையே இத்தொழிலின் அடிப்படைச் சிக்கல். அழுத்தத்தால் அதனை வெல்வது ஒரு வழி. மக்னீசியம், நைதரசன் ஆகியவற்றால் பரப்பின் இயல்பை மாற்றுவது மற்றொரு வழி.

நனைவை மிகுவிக்கும் வெப்பமே வலுவூட்டியைக் கெடுக்கவும் வல்லது. போதிய சிலிக்கன் கொண்ட தாயுலோகத்தைத் தெரிவுசெய்வது, ஈரக்காற்று மிக்க சென்னை போன்ற ஊர்க்கு இன்றியமையாதது.

தாயுலோகம், ஊறல், உட்செலுத்தல், முன்வடிவம், உலோகப் பற்று ஆகியவை இத்துறைக்குப் பொருந்தும் சொற்களாக முன்வைக்கப்படுகின்றன. அணி, ஈரமாதல் ஆகியவை தவிர்க்கத்தக்கவை.

கலைச்சொல்லின் தகுதியை மூலமொழியோடு ஒப்பிட்டு மட்டும் அளப்பது நிறைவான ஆய்வாகாது. அச்சொல்லைப் படித்து உலைமுன் நிற்பவர் எதைச் செய்வார் என்பதையும் அளவுகோலாகக் கொள்ளல் வேண்டும். தமிழ்த்துறைகள் கலைச்சொற்களைத் தொகுக்கையில், அம்பத்தூர், பாடி, ஆவடிப் பட்டறைகளின் பேச்சுவழக்கைத் திரட்டுவதும், ஆக்கிய சொற்களைத் தொழிற்பயிற்சி மாணவரிடம் வாசிக்கக் கொடுத்து அவர்கள் கொள்ளும் பொருளைச் சோதிப்பதும் அடுத்த கட்டப் பணிகளாக அமையலாம்.